வெறுங்கோப்பை வைத்துவிட்டு ‘மீட்டாச்சு’ என்னாதீர்கள்

பழைய யுனிக்ஸ் சேர்வர் ஒன்றில் சிஸ்டம் லொக் கோப்பை யாரோ அழித்துவிட்டார்கள். இப்ப என்ன செய்யிறது? கணினிக்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். அதே பெயரில் ஒரு வெறுங்கோப்பை ஆக்கு. யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதியைச் சரிப்படுத்து. லொக் எழுதுகிற ‘சிஸ்லொக்-டி’ நிரலைத் திரும்பத் தொடக்கு. இரண்டு நிமிச வேலை. லொக் மீட்டாச்சு.

எதை மீட்டாச்சு? கோப்பின் பெயர் திரும்பி வந்திருக்கிறது. இனி நடக்கப்போவது அதில் பதிவாகும். முந்தநாள் இரவு இரண்டு மணிக்கு யார் உள்ளே வந்தார், எத்தனை தரம் பிழையான கடவுச்சொல்லை அடித்தார், யார் ‘ரூட்’ ஆக மாறினார் என்பதெல்லாம் எங்கே? அதைப்பற்றி ஒரு கதையும் இல்லை. காணி உறுதி துலைஞ்சு போச்செண்டு காணிக் கந்தோருக்குப் போற ஆளிட்ட, அதே அளவில ஒரு வெள்ளைத்தாளைக் குடுத்து, “இந்தாங்கோ உங்கட உறுதி, இனி இதில எழுதலாம்” எண்டு சொன்னா விடுவமா? சேர்வர் எண்டு வந்தால் மட்டும் ஏன் தலையாட்டிப்போட்டு வாறம்?

என் வாதம் இதுதான். வெறுங்கோப்பை வைப்பது சேவையைத் திரும்பத் தொடக்குவது. அதற்கு மீட்டெடுத்தல் என்று பெயர் வைப்பது பொய். அதைவிட மோசம், அந்த ‘இரண்டு நிமிச வேலை’தான் பல இடங்களில் அதுவரை அழியாமல் கிடந்த உண்மையான பதிவை அழித்து முடிக்கிறது. “கலைப்பீடக்காரருக்கு உதில என்ன வேலை?” என்று கேட்பவர்களுக்கும் கீழே பதில் இருக்கிறது. பொறுமையா வாசியுங்கோ.

ஆர்எம் அடித்தால் அழிவது பெயர்தான்

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடக்கிய யுனிக்ஸில், ஒரு கோப்பின் பெயரும் அந்தக் கோப்பும் வேறுவேறு. நாங்கள் ‘போல்டர்’ என்று சொல்கிற அடைவு ஒரு இடாப்பு மாதிரி. ஒரு பக்கம் பெயர், மற்றப் பக்கம் ஒரு இலக்கம். அந்த இலக்கம் காட்டுகிற இடத்தில் ‘ஐநோட்’ என்ற ஒரு சிறு பதிவு இருக்கும். கோப்பு யாருடையது, எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது மாறியது, டிஸ்க்கில் எந்தெந்தக் கட்டங்களில் அதன் உள்ளடக்கம் கிடக்கிறது என்ற விபரமெல்லாம் அந்த ஐநோட்டில்தான் இருக்கின்றன. பெயர் அதில் இல்லை.

‘ஆர்எம்’ என்ற அழிக்கும் கட்டளை செய்வது இடாப்பிலிருந்து பெயரை வெட்டுவதுதான். உள்ளே அது பாவிக்கும் அழைப்பின் பெயரே ‘அன்லிங்க்’, அதாவது தொடுப்பைக் கழற்று. அதன்பிறகு கேர்னல் இரண்டு கணக்குப் பார்க்கும். இந்தக் கோப்புக்கு இன்னும் எத்தனை பெயர்கள் மிச்சம்? எத்தனை நிரல்கள் இதை இப்போது திறந்து வைத்திருக்கின்றன? இரண்டும் பூச்சியமானால்தான் டிஸ்க்கில் இருக்கும் இடத்தை விடுவிக்கும். அதுவரை உள்ளடக்கம் அப்படியே கிடக்கும்.

லொக் கோப்பைத் திறந்து வைத்திருப்பது யார்? சிஸ்லொக்-டி. 1980களில் பேர்க்லியில் எரிக் ஓல்மன் என்பவர் ‘சென்ட்மெயில்’ வேலையின் ஒரு பகுதியாக சிஸ்லொக்கை எழுதினார். அது தொடங்கும்போதே கோப்பைத் திறந்துவிட்டு, ஓடுகிற காலம் முழுக்க மூடாமல் வைத்திருக்கும். ஆகவே யாரோ லொக்கை அழித்த பிறகும் சிஸ்லொக்-டிக்கு ஒன்றும் தெரியாது. பெயரில்லாத அந்தக் கோப்பில் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். அழித்தவர் உள்ளே வந்தது, அழித்துவிட்டு வெளியே போனது எல்லாம்கூட அதில் விழலாம். அடைவுகளைக் கூட்டிப் பார்க்கிற ‘டியூ’ கட்டளை ஒரு தொகை சொல்லும். டிஸ்க்கையே கேட்கிற ‘டிஎப்’ அதைவிடப் பெரிய தொகை சொல்லும். இந்த வித்தியாசத்துக்குள் அழிக்கப்பட்ட லொக் உயிரோடு ஒளிந்திருக்கலாம்.

இப்போது அந்தப் பிரபலமான இரண்டு நிமிச வைத்தியத்தைத் திரும்பப் பாருங்கள். சிஸ்லொக்-டிக்கு ‘ஹங்-அப்’ சமிக்ஞை அனுப்பினால், அது திறந்து வைத்திருந்த கோப்புகளையெல்லாம் மூடிவிட்டு, அமைப்புக் கோப்பை மறுபடி வாசித்து, புதிதாகத் திறக்கும். பழைய யுனிக்ஸ்களில் இல்லாத கோப்பை அதுவாக ஆக்காது. ஆனபடியால்தான் ‘டச்’ கட்டளையால் முதலில் ஒரு வெறுங்கோப்பு ஆக்கச் சொல்கிறார்கள். ஆனால் அது பழையதை மூடுகிற அந்தக் கணத்தில் என்ன நடக்குது? பெயர் பூச்சியம். திறந்திருப்பவர் பூச்சியம். கேர்னல் இடத்தை விடுவிக்கிறது. முதலில் ஆர்எம் அடித்தவர் பெயரை மட்டும்தான் கொண்டுபோனார். உள்ளடக்கத்தைக் கொண்டுபோனவர் ‘மீட்க’ வந்தவர்.

சரியான ஒழுங்கு ஒன்றும் கடினமில்லை. முதலில் எதையும் திரும்பத் தொடக்காதே. இயந்திரத்தை நிற்பாட்டாதே, ‘ரீபூட்’ பண்ணவே பண்ணாதே. சிஸ்லொக்-டியின் செயல் இலக்கத்தைக் கண்டுபிடி. லினக்ஸிலும் சோலாரிஸிலும் ‘ப்ரொக்’ என்ற அடைவுக்குள் அந்த இலக்கத்தின் கீழ் ‘எப்டி’ என்று ஒரு அடைவு இருக்கும். அந்த நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பெல்லாம் அங்கே இலக்கங்களாகத் தெரியும். உரியதை வேறொரு டிஸ்க்குக்குப் பிரதியெடு. எடுத்தது யார், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளையால் என்று எழுதி வை. இதெல்லாம் முடிந்த பிறகு வெறுங்கோப்பை ஆக்கு, அனுமதியைக் குடு, சமிக்ஞையை அனுப்பு. கூடிப்போனால் கால்மணித்தியாலம் செல்லும். இந்தக் கால்மணித்தியாலத்தைச் செலவழிக்க விருப்பமில்லாததை ‘தொழில்நுட்பக் காரணம்’ என்று எங்களுக்குச் சொல்லாதீர்கள்.

“இடம் காணாமல் அழிச்சது”

எனக்குத் தெரிந்த ஒரு கல்வி நிறுவனத்தில் ஒரு மாணவி ஒப்படையை இணையவழியில் குறித்த நேரத்துக்குள் ஏற்றினாள். முறைமையில் வந்து சேரவில்லை என்றார்கள். சேர்வர் லொக்கைப் பாருங்கோ எண்டு கேட்டாள். கந்தோர் பதில்: “சேர்வரில இடம் காணாமல் லொக்கை அழிச்சது. இப்ப திரும்பச் செய்தாச்சு, பிரச்சினை இல்லை.” யாருக்குப் பிரச்சினை இல்லை? அவளுக்குப் புள்ளி பூச்சியம்.

அந்தப் பதிலைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இடம் காணாது என்று லொக்கை அழித்தால், அதை ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும்வரை ஒரு பைட் இடம்கூட வராது. மேலே சொன்ன கணக்கு அதுதான். இடம் வரவேண்டுமென்றால் நிரலைத் திரும்பத் தொடக்கியிருக்க வேண்டும். அப்படியென்றால் அழிப்பு ஒரே அடியில் நடக்கவில்லை, இரண்டு படியில் நடந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பதிவைக் காப்பாற்ற வாய்ப்பிருந்தது. இடம்தான் பிரச்சினை என்றால் பழைய லொக்கைச் சுருக்கி வேறிடத்தில் வைப்பதற்கு யுனிக்ஸில் எப்பவோ வழி இருக்கிறது. எழுத்துக் கோப்புகள் நல்லாச் சுருங்கும்.

நான் இதில் சதி நடந்தது என்று சொல்ல வரவில்லை. அதுதான் உண்மையில் பயமான விசயம். ஒரு கெட்ட நோக்கமும் இல்லாமலே ஒரு ஆளின் ஒரே சாட்சியத்தை அழிக்கலாம், அழித்துவிட்டு “மீட்டாச்சு” என்று நல்ல மனச்சாட்சியோடு வீட்டுக்குப் போகலாம். கேள்வி கேட்க எதிரில் நிற்கிறவருக்கு ஐநோட் என்றால் என்னவென்று தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் முழு வியாபாரமும் ஓடுது.

பதிவு யாருடைய கையில்?

1986இல் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் கிளிபர்ட் ஸ்டோல் என்பவர் வேலை செய்தார். அவர் வானியல் படித்தவர். அந்த வேலைக்கான பணம் முடிந்துபோக, கணினிப் பகுதிக்கு அனுப்பப்பட்டவர். அங்கே கணக்கு வைக்கிற இரண்டு நிரல்களுக்கிடையில் 75 சத வித்தியாசம் வந்தது. வேறு ஆளென்றால் “சின்னப் பிழை, விடு” என்றிருப்பார். அவர் விடவில்லை. யாரோ ஒருவர் உள்ளே நுழைந்து ரூட் அதிகாரம் எடுத்திருக்கிறார் என்பது வெளியே வந்தது.

ரூட் கையில் இருப்பவர் லொக்கை அழிக்கலாம், வரிகளை வெட்டலாம், கண்காணிக்கும் நிரலையும் கண்டுபிடிக்கலாம். அதனால் ஸ்டோல் அந்த இயந்திரத்தின் சொல்லை நம்பவில்லை. ஒரு வார இறுதியில் கட்டிடத்தில் கிடந்த பிறின்டர்களையும் டெலிடைப்களையும் இரவல் வாங்கி, உள்ளே வரும் 50 தொலைபேசி இணைப்புகளிலும் மாட்டினார். இணைப்பில் போகும் ஒவ்வொரு எழுத்தும் கடதாசியில் விழுந்தது. கடதாசியை அழிக்க ரூட்டால் முடியாது. கடைசியில் அந்தத் தடம் ஜேர்மனியின் ஹனோவரில் இருந்த மார்க்குஸ் ஹெஸ் வரை போனது. சோவியத் கேஜிபிக்குத் தகவல் விற்ற வழக்கில் 1990இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஸ்டோல் இதையெல்லாம் 1989இல் ‘த குக்கூஸ் எக்’ என்று புத்தகமாக எழுதினார்.

இதிலிருந்து நான் எடுக்கிற பாடம் தொழில்நுட்பப் பாடம் மட்டுமில்லை. கண்காணிக்கப்படுகிறவரின் கையிலேயே பதிவுப் புத்தகத்தைக் குடுத்தால் அது சாட்சியமாக இருக்காது. சிஸ்லொக்கிலேயே இதற்கு வழி இருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி போட்டால் ஒவ்வொரு பதிவும் அதே நேரத்தில் வேறொரு இயந்திரத்துக்கும் போகும். அந்த இயந்திரத்தின் ரூட் வேறொருவரிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய யுனிக்ஸ்களுக்கும் இது தெரியும். செய்யவில்லையென்றால் அது யாரோ எடுத்த முடிவு.

கலைப்பீடத்துக்கு இதில் என்ன வேலை

நிரல் கோப்பை மூடிவிட்டது, ஐநோட்டும் போய்விட்டது என்று வைப்போம். அப்பவும் கதை முடியவில்லை. டிஸ்க்கின் கட்டங்கள் ‘விடுவிக்கப்பட்டவை’ என்று குறிக்கப்படுகின்றனவே தவிர, வேறு ஏதாவது மேலே எழுதப்படும்வரை பழைய எழுத்து அங்கேயே கிடக்கும். டான் ஃபார்மரும் வீட்சே வெனெமாவும் 2000இல் வெளியிட்ட ‘த கொரோனர்ஸ் டூல்கிட்’ இந்த நம்பிக்கையில் கட்டப்பட்டதுதான். செத்தவர்களிலிருந்து எழும்பிய லாசரசின் பெயரையே அதில் ஒரு கருவிக்கு வைத்தார்கள். டிஸ்க்கை முழுதாகப் பிரதியெடுத்து, லொக் வரி மாதிரி இருக்கிற துண்டுகளைத் தேடிப் பொறுக்கலாம். இயந்திரம் ஓடுகிற ஒவ்வொரு நிமிசமும் அந்த வாய்ப்பைத் தின்னும்.

பொறுக்கியெடுத்த பிறகு தொடங்குவது யாருடைய வேலை? சிஸ்லொக்கின் பழைய வடிவத்தில் ஒவ்வொரு வரியும் மாதம், திகதி, மணி, நிமிசம், செக்கனோடு தொடங்கும். ஆண்டு இருக்காது. ஆம், ஆண்டே இல்லை. சிதறிக் கிடக்கிற துண்டுகளில் ‘மார்ச் 14’ என்றிருந்தால் அது எந்த மார்ச்? இந்த வருசமா, மூன்று வருசத்துக்கு முந்தினதா? எந்தத் துண்டு எதற்கு முன்னால்? இயந்திரத்தின் மணிக்கூடு சரியாக ஓடினதா? யாராவது நடுவில் பொய்யாக ஒரு வரி சேர்த்தாரா?

இந்தக் கேள்விகள் எங்களுக்குப் புதுசா? ஆண்டு உடைந்துபோன கல்வெட்டை வைத்துக்கொண்டு, எழுத்து வடிவத்தையும் அரசன் பெயரையும் பார்த்துக் காலம் கணிக்கிறது எப்படி என்றுதானே எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்? ஓலைச்சுவடி ஒன்றின் ஏடுகள் கலைந்துபோனால் ஒழுங்குபடுத்துவது எப்படி, இடைச்செருகலைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதெல்லாம் எங்கட பாடத்திட்டம். ‘லொக்’ என்ற சொல்லே கப்பலில் இருந்து வந்தது. கயிறு கட்டிய மரக்கட்டையைக் கடலில் எறிந்து வேகம் அளந்து, அதைப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். அந்தக் கப்பல் புத்தகங்களை வைத்து எத்தனை வரலாறு எழுதப்பட்டிருக்கிறது! நாளைக்கு எங்கட காலத்தின் வரலாற்றை எழுத வாறவருக்குச் சேர்வர் லொக்கும் ஒரு மூலம். அதை வாசிக்கத் தெரியாமல் “அது ஐரி பொடியளின்ர வேலை” எண்டு ஒதுங்குகிற வரலாற்று மாணவர், “எனக்குக் கையெழுத்து வாசிக்க ஏலாது” எண்டு சுவடிக்கூடத்துக்கு வெளியில நிக்கிற ஆள்மாதிரித்தான்.

எதிர்வாதம் ஒன்று, மதிக்கவேண்டியது

“எல்லாவற்றையும் பதிந்து வைக்கச் சொல்கிறீர். பதிவு எண்டாலே எங்கட சனத்துக்கு என்ன நடந்ததெண்டு தெரியாதோ?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டிலிருக்கிற ஒவ்வொருவரின் விபரத்தையும் பொலிசுக்கு எழுதிக் குடுத்த காலத்தைக் கண்ட பெற்றோரின் பிள்ளைகள் நாங்கள். யார் எப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பதையெல்லாம் காலாகாலத்துக்கும் வைத்திருக்கும் சேர்வர் எனக்கும் வேண்டாம். லொக்குகள் அழிக்கப்பட வேண்டும், நான் ஒத்துக்கொள்கிறேன். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டில் வந்ததன் நியாயமும் அதுதான்.

ஆனால் எப்படி அழிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இத்தனை நாள் வைத்திருப்போம், பிறகு அழிப்போம் என்று முன்கூட்டியே எழுதி, எல்லாருக்கும் தெரியச் சொல்லி, யாருடைய முறைப்பாடும் நிலுவையில் இருந்தால் அதை மட்டும் நிறுத்தி வைத்து அழிப்பது ஒன்று. கேள்வி வந்த பிறகு, கேள்விக்குட்பட்டவரின் கையாலேயே, காரணம் எழுதாமல் அழிப்பது இன்னொன்று. முதலாவது சனத்தைக் காக்கும். இரண்டாவது அதிகாரியைக் காக்கும். பெரிய வேடிக்கை என்னவென்றால், எங்களைப்பற்றிய பதிவு ஒருபோதும் துலையிறதில்லை. அவையள் என்ன செய்தார்கள் என்ற பதிவுதான் எப்பவும் ‘இடம் காணாமல்’ போகும்.

நாங்கள் என்ன கேட்க வேண்டும்

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. அரச மின்னஞ்சல் கணக்குகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரச கடிதப் போக்குவரத்து போனது போனதுதான். மின்னஞ்சல் சேவை திரும்ப வந்தது. பெட்டிகள் திறந்தன, புதுக் கடிதங்கள் வந்தன. வெறுங்கோப்பு வைத்தியம் நாட்டளவில் நடந்தால் அப்படித்தான் இருக்கும். அதற்குப் பிறகு எத்தனை பேர் அந்த மூன்று மாதத்தைப் பற்றிக் கேட்டோம்?

கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ‘தகவல்’ என்பதற்குள் கணினிப் பதிவுகளையும் லொக் புத்தகங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. பகிரங்க அதிகாரசபைகள் புதிதாக உருவாகும் பதிவேடுகளை 12 ஆண்டுகளுக்குக் குறையாமல் பேண வேண்டும் என்றும் சொல்கிறது. பல்கலைக்கழகங்களும் அந்தச் சட்டத்துக்குள் வருபவைதான். சேர்வர் லொக் ஒவ்வொன்றும் அந்த 12 ஆண்டுக்குள் அடங்குமா என்று சட்டம் படிக்கிறவர்கள் வாதாடட்டும். குறைந்தபட்சம் “அழிச்சாச்சு, கதை முடிஞ்சுது” என்ற பதில் சட்டப்படியும் போதாது என்பதை அவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே அடுத்தமுறை யாராவது ஒரு கந்தோர் யன்னலுக்குப் பின்னால் இருந்து “லொக் அழிஞ்சிட்டுது, ஆனா மீட்டாச்சு” என்று சொன்னால், தயவுசெய்து “சரி சேர்” என்று சொல்லிவிட்டு வராதீர்கள். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். அழிந்தது எப்போது? கண்டது எப்போது? கண்ட பிறகு நிரலைத் திரும்பத் தொடக்க முதல் திறந்திருந்த கோப்பைப் பிரதியெடுத்தீர்களா? டிஸ்க்கைப் பிரதியெடுத்தீர்களா? பதிவின் பிரதி வேறொரு இயந்திரத்துக்குப் போகிறதா, அதன் ரூட் யாரிடம்? லொக் எத்தனை நாளில் அழிக்கப்படும் என்ற விதி எங்கே எழுதியிருக்கிறது? பதிலை எழுத்தில் கேளுங்கள்.

கணினிப் பிரிவில் படிக்கிற தோழர்களுக்கும் ஒன்று. நீங்கள் நாளைக்கு இந்த நாட்டின் சேர்வர்களுக்கு ரூட் ஆகப்போகிறவர்கள். மேலிடத்தில் இருந்து “கெதியா சரிப்படுத்து” என்று சொல்லும்போது, திரும்பத் தொடக்கும் கட்டளையை அடிக்க முதல் அந்தப் பெயரில்லாத கோப்பைப் பிரதியெடுங்கள். யாரும் உங்களைப் பாராட்ட மாட்டார்கள், யாருக்கும் தெரியவும் வராது. ஆனால் எங்கேயோ ஒரு மாணவியின் ஒப்படை நேரத்துக்கு வந்தது என்பதற்கான ஒரே சாட்சி அந்தக் கோப்பில் இருக்கலாம்.